துருவின் பிடியில் முன் அச்சு
மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

வகுப்பறையில் 'இரும்பு துருப்பிடித்தல்' என்னும் பாடம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சென்ற கோடை விடுமுறையில் ஜமுனாமரத்தூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் அதே பாடம் பதினொரு நாள் நடந்தது. ஆசிரியராக அமைந்தது, எங்கள் சிறு லாரியின் முன் அச்சில் இறுகிப்போய் அசைய மறுத்த ஓர் உருக்கு முளை. மாணவர்கள் நானும் என் அப்பாவும் பெரியப்பாவும். தேர்வில் முதல் மூன்று நாளும் நாங்கள் தோற்றோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

போளூரிலிருந்து ஜவ்வாது மலையேறி எங்கள் ஊர் வரும் சாலையில் வந்தவர்கள் அதன் கொண்டை ஊசி வளைவுகளை மறந்திருக்க மாட்டார்கள். சாமையும் புளியும் பலாவும் கீழே இறங்குவதும், உரமூட்டையும் சிமெண்டும் மேலே ஏறுவதும் அந்த வழியேதான். நல்ல வண்டியானால் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கையைச் சற்றுத் தளர்த்தினால் சக்கரம் தானே நேருக்கு வரும். எங்கள் வண்டியில் சில மாதங்களாக அது வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அப்பா ஸ்டியரிங்கை இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. "கை வலிக்குது" என்றுதான் அவர் சொன்னார். ஒரு மாலை வண்டியில் நானும் இருந்தபோது, வளைவு முடிந்தும் சக்கரம் திரும்பாமல் வண்டி பள்ளத்துப் பக்கம் இரண்டு முழம் போய் நின்றது. அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வண்டியை முற்றத்தில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினார்.

சக்கரம் தானே நேருக்கு வருவது எப்படி என்பதை இங்குச் சொல்லிவிட வேண்டும். மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதுமே நடுவில் உள்ள ஒரு முளையின் மேல் திரும்பியது. அச்சை அசைக்காமல், இரு முனைகளிலும் ஒவ்வொரு முளை வைத்து, சக்கரங்கள் தனித்தனியே திரும்பும்படி அமைத்தவர் மியூனிக் நகர வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர். 1818-இல் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றுத் தந்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன். பெயர் என்னவோ ஆக்கர்மனுக்கே நிலைத்துவிட்டது. செய்தவன் ஒருவன், பேர் வாங்கியவன் ஒருவன் என்பது அறிவியலிலும் உண்டு போலும்! நம் மெக்கானிக்குகள் 'கிங் பின்' என்று சொல்வது இந்த முளையைத்தான். சிறு லாரி, பெரிய லாரி, பேருந்து ஆகியவற்றின் முன் அச்சு பெரும்பாலும் ஒரே வார்ப்பாக அடித்துச் செய்த உருக்கு உத்திரம். அதன் முனையில் ஒரு கண். அந்தக் கண்ணைக் கவை போல மேலும் கீழும் கவ்விக்கொண்டு நிற்பது 'ஸ்டப் ஆக்ஸில்'. சக்கரம் அதில்தான் சுழல்கிறது. கவையையும் கண்ணையும் ஊடுருவி நிற்பது கிங் பின். அது கண்ணுக்குள் அசையக் கூடாது; அதற்காகக் குறுக்கே சரிவான ஒரு 'காட்டர் பின்' அடித்து நட்டுப் போட்டிருப்பார்கள். கவைக்குள் மட்டும் வெண்கலப் புஷ்களில் வழுக்கித் திரும்ப வேண்டும். இந்த முளை நேர் செங்குத்தாக இராது. அதன் தலை சில பாகை உட்பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே சக்கரத்தைத் திருப்பும்போது வண்டியின் முன்பக்கம் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு மேலே எழும்புகிறது. எழும்பிய வண்டியின் எடைதான் சக்கரத்தை மீண்டும் நேருக்குத் தள்ளுகிறது. புஷ்ஷில் கிரீஸ் வற்றித் துரு ஏறினால், உராய்வு அந்த எடையை வென்றுவிடுகிறது. அப்பாவின் கை வலிக்குக் காரணம் இதுவே.

டை ராடைக் கழற்றிவிட்டு இரு பக்கத்தையும் கையால் திருப்பிப் பார்த்தோம். இடப்பக்கம் ஒரு கையால் திரும்பியது. வலப்பக்கத்துக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. வலப்பக்கக் கிரீஸ் நிப்பிளைச் சேறு அடைத்திருந்தது. கிரீஸ் அடிக்கும்போதெல்லாம் அது வெளியே வழிந்திருக்கிறதே தவிர உள்ளே போகவில்லை. மேல்மூடியும் எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. மழைக்காலத்தில் ஓடை தாண்டும்போது நீர் நேரே உள்ளே இறங்கியிருக்கிறது.

துரு என்றால் நமக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் உப்புக்காற்றோடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராடி, 2022 டிசம்பரில் ரயில் போக்கு நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலத்துக்கு இடம் விட்டது. மலையில் கடல் ஏது என்று கேட்கலாம். இரும்புக்கு நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு வேலையை விரைவாக்குமே அன்றி அது இன்றியமையாதது அன்று. அந்த உப்பும் எங்கள் வண்டிக்குக் குறைவில்லை. வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு அல்லவா? மூட்டை கிழிந்து சிந்தினால் வண்டிக்கு அதுவே கடற்கரை.

இனி எல்லாவற்றிலும் எனக்கு வியப்பளித்த செய்திக்கு வருகிறேன். கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்னும் அறிஞர் இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி உப்பு நீரை வைத்துப் பார்த்தார். காற்று எளிதில் படும் துளியின் விளிம்பு அரிபடும் என்றுதான் நாம் நினைப்போம். அரிபட்டதோ நடுப்பகுதி! ஆக்சிஜன் மிகுந்த விளிம்பு எதிர்மின் வாயாகிறது. ஆக்சிஜன் குறைந்த நடுவிடம் நேர்மின் வாயாகி இரும்பை இழக்கிறது. அங்கிருந்து வந்த இரும்பு அயனிகளும் விளிம்பில் தோன்றிய ஹைட்ராக்சைடு அயனிகளும் இடைவழியில் சந்தித்துத் துரு வளையமாகப் படிகின்றன. முளைக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள நூலிழைச் சந்தும் அப்படிப்பட்ட துளிதான். வெளிவாய் பளபளப்பாக இருக்க, காற்றுப் புகாத உள்ளிடம் அரிபடுகிறது. போதாக்குறைக்கு வெண்கலப் புஷ் தொட்டுக்கொண்டிருக்கிறது. இருவகை உலோகம் ஈரத்தில் தொட்டால் இழப்பு இரும்புக்கே.

அரித்தால் இடைவெளி பெரிதாகித் தளர வேண்டுமே, ஏன் இறுகுகிறது? இழந்த இரும்பை விடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். நீர் சேராத ஆக்சைடே ஏறத்தாழ இருமடங்கு இடம் கேட்கும். நீர் சேரச் சேர மூன்று நான்கு மடங்குக்கும் மேலே போகும். கண்ணுக்குள் முளை செருகியிருக்கும் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அங்கே உண்டான துரு, போக்கிடமின்றி இரு சுவரையும் நெம்பிக்கொண்டு நிற்கிறது. கான்கிரீட் தூணை உள்ளிருக்கும் கம்பியின் துரு பிளப்பதும் இதே விசையால்தான்.

எங்கள் மலையில் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கிறது. 1986-இல் அங்கே வைனு பாப்பு தொலைநோக்கி என்று பெயரிடப்பட்ட கருவியின் 2.3 மீட்டர் ஆடிக்கு அலுமினியப் பூச்சு உண்டு. அலுமினியமும் ஆக்சிஜனோடு சேரத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆக்சைடு மெல்லிய இறுக்கமான போர்வையாகி அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துரு பொருபொருவென்று இருப்பதால் ஈரத்தை உள்ளே வரவேற்கிறது. ஒரே மலை, ஒரே பனி. ஆடி ஒளிர்கிறது, எங்கள் அச்சு இறுகுகிறது.

இதையெல்லாம் அறிந்தவன்தான் நான். ஆயினும் முதல் நாள் செய்தது என்ன? சம்மட்டியை எடுத்ததுதான்! காட்டர் பின்னின் நட்டைத் தளர்த்தி, மரைக்கு அடி படாதபடி நட்டின் முகத்தை மரை முனைக்குச் சமமாக வைத்து அடித்தோம், அது வந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் கிங் பின்னின் தலையில் நேரே அடித்தோம். இருபது முப்பது அடிக்குப் பின் பார்த்தால் முளை ஒரு மயிரிழையும் நகரவில்லை. அதன் தலைதான் காளான் போல அகன்றிருந்தது. அகன்ற தலை கண்ணுக்குள் எப்படி நுழையும்? எங்கள் கையாலேயே இன்னொரு பூட்டுப் போட்டுவிட்டோம். கிங் பின்னின் மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட உருக்கு. சம்மட்டியின் முகமும் அப்படியே. கடினமும் கடினமும் மோதியதில் ஒரு சில்லுத் தெறித்துப் பெரியப்பாவின் கன்னத்தில் கீறியது. அரை அங்குலம் மேலே பட்டிருந்தால் கண். கண்ணாடி அணியாமல் சுத்தியல் எடுக்கக் கூடாது என்பதும், இடையில் பித்தளைத் துண்டு வைத்தே அடிக்க வேண்டும் என்பதும் இரத்தம் பார்த்தபின் வந்த அறிவு.

அடி ஏன் பயன்படவில்லை என்பதற்கு இயற்பியலில் விடை உண்டு. அச்சு ஸ்பிரிங்கின் மேல் தொங்குகிறது. அடித்த அடியெல்லாம் ஸ்பிரிங்கைக் குதிக்க வைப்பதில் செலவாகிவிடுகிறது. கண்ணுக்கு அருகில் உத்திரத்தின் அடியில் கனமான தாங்கல் கொடுத்து அடித்தால்தான் விசை மூட்டுக்குப் போய்ச் சேரும்.

தாங்கல் என்றதும் இன்னொன்று. முதல் இரவு வண்டியை ஜாக்கியின் மேலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனோம். பெரியப்பா மட்டும் மனம் கேளாமல் இரண்டு பழைய ரயில் கட்டைகளை அச்சின் அடியில் அடுக்கிவிட்டு வந்தார். இரவு தூறல் விழுந்து மண் இளகி, காலையில் ஜாக்கி சாய்ந்து கிடந்தது. வண்டி கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் முழுவதும் நான் அதனடியில் மல்லாந்து படுத்திருந்தேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. செங்கல்லும் பாறைத்துண்டும் திடீரென்று பிளக்கும். கட்டை பிளந்தாலும் நொறுங்காது. பின் சக்கரங்களுக்கு இருபுறமும் அடை கொடுக்காமல் முன்னே தூக்கவும் கூடாது.

நான்காம் நாள் அப்பா போளூரில் தமக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் முதலில் கேட்ட கேள்வி, "அடிச்சீங்களா?" என்பது. ஆமாம் என்றதும் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு என்னிடம், "தம்பி, துரு ஒரு நாள்ல ஏறல, ஒரு நாள்ல எறங்காது. எண்ணெய் ஊத்திட்டுப் போய்ப் படி" என்றார்.

அவர் சொன்னபடி அகன்ற தலையை கிரைண்டரால் தேய்த்துச் சரி செய்தோம். கம்பித் தூரிகையால் வெளித் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, எண்ணெய் விட்டோம். இங்கே எண்ணெய் வழுக்குவதற்கன்று, நுழைவதற்கு. ஆகவே கெட்டியான எண்ணெய் பயனில்லை. மண்ணெண்ணெய் நுழையும், ஆனால் நிற்காது. கியர் எண்ணெய் நிற்கும், நுழையாது. இரண்டையும் கலந்தால் முன்னது வழி காட்டப் பின்னது தொடர்கிறது. ரேஷனில் மண்ணெண்ணெய் குறைந்துவிட்ட இக்காலத்தில் டீசலும் ஓரளவு உதவும். கடைகளில் டப்பாவில் விற்கும் டபிள்யூ டி-40 என்பதைப் பலர் சஞ்சீவி போல நம்புகிறார்கள். 1953-இல் அமெரிக்காவில் ஏவுகணை உடலின் மேல் ஈரம் தங்காதிருக்க நாற்பதாவது முயற்சியில் உருவான கலவை அது. பெயரே 'நீர் அகற்றி' என்று பொருள்படும். துருவுக்குள் நுழைவதற்கென்றே செய்த எண்ணெய்கள் வேறு உண்டு. எதுவானாலும் காலை மாலை ஊற்றி, பித்தளைத் துண்டு வைத்துச் சிறு சுத்தியலால் பல முறை மெல்லத் தட்ட வேண்டும். பெருவிசை முளையை நெளிக்கும். சிறு அதிர்ச்சிகள் துருவில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். எண்ணெய் அந்த வெடிப்பு வழியே போகிறது.

இடையில் கிடைத்த ஓய்வில் டை ராடைப் பற்றி யோசித்தேன். அதன் முனை சரிவான கூம்பு. பத்துக்கு ஒன்று என்ற சரிவு. கூம்பின் ஒரு பக்கக் கோணம் 3 பாகைக்கும் குறைவு. எண்ணெய்ப் பிசுக்குள்ள உருக்கில் உராய்வெண் 0.15 என்று கொண்டால் உராய்வுக் கோணம் எட்டரைப் பாகை. சரிவு உராய்வை விடக் குறைவாதலால், நட்டைக் கழற்றினாலும் கூம்பு தானாக வழுக்கி வெளிவராது. மெக்கானிக்குகள் அதை நெம்புவதில்லை. கண்ணின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் ஓங்கித் தட்டுவார்கள். வட்டமான கண் கணநேரம் முட்டை வடிவாகிப் பிடியை விடுகிறது. நட்டை முழுதும் கழற்றாமல் நுனியில் விட்டுவைப்பது, விழும் ராடு காலில் விழாதிருக்க. கணக்கை அறியாதவர்கள் என்று நாம் நினைப்பவர்களின் கை அறிந்திருக்கும் கணக்கு இது.

ஆறாம் நாள் இடப்பக்க முளை நான்கே தட்டில் வழுக்கி வந்தது. வலப்பக்கம் அசையவில்லை. இனிச் சூடு ஒன்றுதான் வழி. உருக்கு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணை 200 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் விட்டம் 0.07 மில்லிமீட்டர் விரிகிறது. ஒரு தலைமயிரின் தடிமன்தான். ஆனால் துருவுக்கு அந்த மயிரிழைதானே பகை! துளை உள்நோக்கிச் சுருங்கும் என்று சிலர் எண்ணுவர். வளையம் முழுவதும் விரிவதால் துளையும் விரியும். முளை சூடாகுமுன் கண் சூடாக வேண்டும். ஆகவே தீ வெளிப்புறத்தில், விரைவாக, சுற்றிலும்.

எவ்வளவு சூடு என்று அளக்க எங்களிடம் கருவியில்லை. மெக்கானிக் அண்ணன் வழி சொன்னார். உருக்கை ஓரிடத்தில் பளபளப்பாகத் தேய்த்துவிட்டுத் தீ காட்டினால் 230 பாகையளவில் அந்த இடம் வைக்கோல் நிறம் கொள்ளும். 300-ஐ நெருங்கினால் நீலம். வைக்கோல் நிறத்தோடு நிறுத்திவிட வேண்டும். செக்கச் சிவக்கக் காய்ச்சினால் கண் இன்னும் விரியும் என்பது உண்மையே; ஆனால் பதம் கொடுத்துச் செய்த உருக்கின் பதம் போய்விடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஏதோ ஒரு நாள் வளைவில் முறியும். முன் அச்சும் ஸ்டியரிங் உறுப்புகளும் சிவப்பு நிறம் காணக் கூடாதவை. தீ வைக்குமுன் பிரேக் ஹோசையும் ரப்பர் உறைகளையும் கழற்றி அகற்றி, ஊற்றிய எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். நாங்கள் துடைத்தது போதவில்லை. உள்ளிருந்து கசிந்த எண்ணெய் பற்றிக்கொண்டது. வாளி மணல் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தோம். எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பது நுரையீரலுக்கு நல்லது.

சூடு அடங்கி வரும்போது பெரியப்பா செய்தது எங்கள் மலைக்கே உரியது. மெழுகுவத்தி கேட்டார், வீட்டில் இல்லை. தேன் எடுத்துப் பிழிந்த அடையின் மெழுகு இருந்தது. தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகையில் உருகும். தீயை முழுதும் அணைத்து, புகை எழாத அளவு ஆறவிட்டு, முளையின் விளிம்பில் மெழுகுக் கட்டியைத் தேய்த்தார். உருகிய மெழுகை அந்த இடுக்கு உறிஞ்சிக்கொண்டது. நுண்புழை ஏற்றம் என்று நாம் படிப்பதுதான். ஆறினால் இறுகும், சூடாக்கினால் மீண்டும் எண்ணெய் ஆகும், வழிந்து ஓடிவிடுவதில்லை. மூன்று மாலை இவ்வாறு சூடும் மெழுகும் மாறி மாறிக் கொடுத்தோம்.

சிறு நட்டுகளையும் பூட்டுத் தகடுகளையும் நான் வேறு வகையில் துரு நீக்கினேன். வாளியில் சலவைச் சோடாக் கரைசல், பழைய இரும்புத் தகடு நேர்மின் வாய், துருவேறிய பொருள் எதிர்மின் வாய், பேட்டரி சார்ஜர். நேர்மின் வாய்க்கு எவர்சில்வர் பாத்திரம் வைக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாகக் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் எழுவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். கடினமாக்கிய முளைகளுக்கும் ஸ்பிரிங்குகளுக்கும் இம்முறை ஆகாது. உருக்கினுள் புகும் ஹைட்ரஜன் அதை நொறுங்கச் செய்யும்.

பத்தாம் நாள் மெக்கானிக் அண்ணன் தாமே மேலே வந்தார். சி வடிவ இரும்புச் சட்டம் ஒன்றும் ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றும் கொண்டுவந்திருந்தார். சட்டத்தைக் கண்ணோடு பொருத்தி, ஜாக்கியை முளையின் அடியில் வைத்து, அழுத்தம் கொடுத்துவிட்டு எங்களையெல்லாம் விலகி நிற்கச் சொன்னார். கண்ணைச் சூடாக்கினார். பக்கவாட்டில் ஒரு தட்டு. துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். முளை அரை அங்குலம் எழும்பி நின்றது. முற்றத்துக் கோழிகள் எல்லாம் சிதறி ஓடின. "இதுவும் வரலேன்னா அச்ச அவுத்துக் கீழ எடுத்துப் போய்ப் பெரிய பிரஸ்ல வெச்சிருப்பேன். அப்பவும் அடிச்சிருக்க மாட்டேன்" என்றார் அவர்.

மறுநாள் இரு பக்கமும் புதிய முளைகள் போட்டோம். புஷ்களை அழுத்தி ஏற்றி, முளைக்கு ஏற்ப ரீமர் போட்டு, கிரீஸ் துளை புஷ்ஷின் துளையோடு நேரே நிற்கிறதா என்று பார்த்தோம். அது மாறிப் பொருந்தினால் ஆயுள் முழுவதும் கிரீஸ் அடித்தாலும் ஒரு துளி உள்ளே போகாது. புதிய மூடிகள், புதிய நிப்பிள்கள். பழைய கிரீஸ் வெளியேறிப் புதிய கிரீஸ் எல்லா விளிம்பிலும் தெரியும்வரை அடித்தோம். டை ராடு கழற்றியதால் சக்கரங்களின் நேர்த்தியைப் போளூரில் சரிபார்த்தோம். திரும்பி ஏறும்போது முதல் வளைவில் அப்பா ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சக்கரம் தானே நேருக்கு வந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே செய்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வெளிவந்த வலப்பக்க முளையை விடுமுறை முடிந்து கல்லூரிக்கு எடுத்து வந்தேன். புஷ்களில் இருந்த இரு முனைகளிலும் அங்கங்கே கீறலும் பழுப்புக் கறையும்தான். அச்சின் கண்ணுக்குள், காற்றே படாமல் இருந்த நடுப்பகுதியில்தான் அம்மைத் தழும்பு போலக் குழிகள். அவற்றைச் சுற்றிக் கரும்பழுப்புத் துருப் பட்டை. எவன்சின் துளியில் காண்பதை ஓர் உருளையின் மேல் காணலாம். வேதியியல் ஆய்வகத்தில் மூன்றாம் மேசையின் இழுப்பறையில் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருக்கிறேன். பார்க்க விரும்பும் நண்பர்கள் பார்க்கலாம்.